துயருற்றோர் குரலும் குதிரை வீரர் கடமையும்

திருச்சபைக்கும் சமூகத்துக்கும் அரும்பணி ஆற்றிய பொதுநிலையினர் சிலருக்குத் திருத்தந்தை 'செவாலியர்' பட்டம் வழங்கிச் சிறப்பிப்பதை நம் வாசகர் அறிவர். நடிகர் சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு அளித்த விருதின் பெயரும் அதுவே. மேடையில் பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, அப்பட்டத்தைச் சொல்லி அழைக்கும்போது அதன் நேர்ப்பொருளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குதிரைமேல் வருபவன் என்பதே அதன் பொருள். இடைக்கால ஐரோப்பாவில் கவசம் பூண்டு, வாளேந்தி, குதிரையூர்ந்து வந்த போர்வீரனைக் குறித்த சொல் அது. அவனைத் தலைவனாக வைத்து எழுந்த கதைகள் ஒரு பேரிலக்கியமாகவே வளர்ந்தன. அக்கதைகளில் எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. வழியில் அபயக்குரல் கேட்டால் வீரன் குதிரையைத் திருப்பியே ஆகவேண்டும். எங்கே செல்கிறான், எவ்வளவு அவசரம், அழுபவர் யார் என்னும் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. கைம்பெண்ணோ, அநாதையோ, சிறைப்பட்ட கன்னியோ குரல் கொடுத்தால் போதும். அவன் கடமை அக்கணமே தொடங்கிவிடும்.

இவை நமக்கு அந்நியமான கதைகள் என்று எண்ணிவிட வேண்டா. நம் கடற்கரைக்கு அவை நூற்றாண்டுகளுக்கு முன்னரே வந்து, தமிழும் பேசின. அதனைச் சற்றுப் பின்னர் காண்போம். இச்சட்டம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிதல் நலம்.

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சு நாட்டில் மன்னரின் கை தளர்ந்திருந்தது. குதிரையும் கவசமும் கோட்டையும் உடையவன் வைத்ததே சட்டமாயிற்று. விளைந்த வயலை மிதிப்பவனும், உழவனின் மாட்டை ஓட்டிச் செல்பவனும், கோவில் உண்டியலை உடைப்பவனும் பெரும்பாலும் இந்தக் குதிரை வீரனே. 989-ஆம் ஆண்டு ஷாரூ என்னும் ஊரில் கூடிய ஆயர்கள், கோவிலைக் கொள்ளையிடுவோரையும், ஏழைகளின் ஆடுமாடுகளைக் கவர்வோரையும், ஆயுதமற்ற குருக்களை அடிப்போரையும் திருச்சபையினின்று விலக்குவதாகத் தீர்மானித்தனர். 'இறைவனின் அமைதி' என்று வரலாற்றில் பெயர்பெற்ற இயக்கம் இது. பின்னர், வாளைப் பறிக்க இயலாத திருச்சபை, அவ்வாளுக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மாந்து நகர ஆயர் துராந்து தொகுத்த வழிபாட்டு நூலில் புதிய வீரனுக்கு ஆசி அளிக்கும் சடங்கு ஒன்று இடம்பெற்றுள்ளது. கோவில்களையும் கைம்பெண்களையும் அநாதைகளையும் காப்பதற்கே இவ்வாள் என்று அங்கே மன்றாடப்படுகின்றது. வீரன் இயல்பிலேயே இரக்கமுள்ளவன் என்பதனாலன்று, வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்த காரணத்தினாலேயே இந்த வாக்குறுதி அவனிடம் கேட்டு வாங்கப்பட்டது. கதைகளைப் படிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனிக் கதைகளுக்கு வருவோம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிரெத்தியேன் தெ த்ரோவா என்னும் பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் அரசனின் வீரர்களைப் பற்றிக் காவியங்கள் இயற்றினார். அவற்றுள் ஒன்றன் தலைவன் இவேன். பாம்பின் பிடியில் சிக்கிய சிங்கத்தை அவன் மீட்க, அது நன்றியுடன் அவன் பின்னே நாய்க்குட்டிபோல் வருகின்றது. இக்காட்சி பலருக்குத் தெரியும். நம்மைக் கவர்ந்தவை அக்காவியத்தின் வேறு இரு பகுதிகள்.

பொய்க்குற்றம் சாட்டப்பட்டு மறுநாள் தீயில் இடப்படவிருக்கும் ஒரு பெண்ணுக்கு, நண்பகலுக்குள் வந்து காப்பேன் என்று இவேன் வாக்களிக்கின்றான். அன்றிரவு தங்கிய வீட்டிலோ வேறொரு துயரம். ஓர் அரக்கன் காலையில் வந்து அவ்வீட்டுப் பிள்ளைகளைக் கொல்லப்போகின்றான். பொழுது ஏறுகின்றது, அரக்கன் வரவில்லை. இருந்தால் அங்கே அவள் எரிவாள்; சென்றால் இங்கே இவர்கள் மடிவர். உதவிக்குரல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வரும் என்று நம்புவது கதை கேட்கும் குழந்தையின் உலகம். பங்கில் பணிபுரியும் எவருக்கும், ஏன், நோயுற்ற தாயையும் தேர்வெழுதும் மகளையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் இல்லத்தலைவிக்கும், இவேனின் அந்தக் காலைப்பொழுது நன்கு தெரிந்ததே. கதையில் அரக்கன் கடைசி நேரத்தில் வந்துவிடுகின்றான். அவனை வீழ்த்திவிட்டு இவேன் தீ மூட்டும் வேளைக்கு ஓடிச் சேர்கின்றான். நம் வாழ்வில் அரக்கர்கள் இத்துணை ஒழுங்காக வருவதில்லை.

மற்றொரு பகுதி இன்னும் வியப்புக்குரியது. ஒரு கோட்டைக்குள் முந்நூறு கன்னியர் பட்டிலும் பொன்னிழையிலும் வேலை செய்கின்றனர். அவர்கள் ஆடையோ கந்தல். முகமோ பசியால் வெளிறியது. இவேன் வினவ, அவர்களுள் ஒருத்தி கணக்குச் சொல்கின்றாள். அவர்கள் உழைப்பால் விளையும் ஒவ்வொரு பவுனிலும் அவர்கள் கையில் விழுவது நான்கு காசு. ஒரு பவுனுக்கு இருநூற்று நாற்பது காசு என்பது அக்காலக் கணக்கு. அறுபதில் ஒரு பங்கு! மீதி யாவும் முதலாளிக்கு. இரவிலும் உறங்கவிடாமல் வேலை வாங்குகின்றனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், அரக்கரையும் மாயநீரூற்றையும் பாடிய ஒரு கவிஞர் கூலிக்கணக்கையும் பாடியிருக்கின்றார். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் முந்திரி ஆலைகளில் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப் புண்ணான விரல்களை உடைய நம் சகோதரியர், அக்கன்னியின் பேச்சை மொழிபெயர்ப்பின்றியே புரிந்துகொள்வர். இக்கன்னியர் சிறைப்பட்ட காரணத்தையும் கவிஞர் மறைக்கவில்லை. அவர்கள் நாட்டு இளம் அரசன் வீரச்செயல் தேடி அக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்த எதிரிகளுக்கு அஞ்சி, தன்னுயிர் தப்ப ஆண்டுதோறும் முப்பது கன்னியரை அனுப்புவதாக ஒப்புக்கொண்டு போய்விட்டானாம்.

இவேனும் குற்றமற்றவன் அல்லன். மணமான சில நாள்களில், ஓராண்டில் திரும்புவேன் என்று மனைவிக்கு உறுதி சொல்லிப் போர் விளையாட்டுகளுக்குச் சென்றவன், தவணையை மறந்தான். அதனாலேயே பித்துப்பிடித்துக் காட்டில் அலைந்தான். ஊரார் வீட்டுத் துன்பத்துக்கெல்லாம் முதல் ஆளாக ஓடி, தன் வீட்டில் ஒருத்தி காத்திருப்பதை மறந்துவிடும் நல்ல மனிதர்கள் நம் பங்குகளிலும் உளர். அவர்களை நாம் பெரிதும் மதிக்கின்றோம். அவர்தம் மனைவியரிடம் பேசிய பின்னரும் அம்மதிப்பு சற்றேனும் எஞ்சியிருந்தால் நன்று!

கிரெத்தியேன் முடிக்காமல் விட்ட கடைசிக் காவியம் பெர்சவால் என்னும் இளைஞனைப் பற்றியது. அவன் ஒரு மன்னனின் மாளிகையில் விருந்துண்கின்றான். மன்னனுக்கு எழுந்து நிற்கவும் இயலாத காயம். இரத்தம் சொட்டும் ஈட்டியும் ஒளிவீசும் கலமும் அவன் முன்னே ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகின்றன. கேட்கவேண்டும் என்று நா துடிக்கின்றது. ஆனால் அதிகம் பேசுதல் வீரனுக்கு அழகன்று என்று குரு கற்பித்திருக்கிறாரே! காலையில் கேட்கலாம் என்று உறங்கப் போகின்றான். காலையில் மாளிகை வெறிச்சோடிக் கிடக்கின்றது. அவன் அன்றிரவு வினவியிருந்தால் மன்னன் நலம் பெற்றிருப்பான் என்பதைப் பின்னரே அறிகின்றான். இங்கே வாளுக்கு வேலையே இல்லை. இக்கதையைப் பின்னர் ஜெர்மன் மொழியில் பாடிய வோல்ஃப்ராம், நெடுங்காலம் கழித்து அவ்வீரனை அம்மாளிகைக்குத் திரும்ப அழைத்து வருகின்றார். உமக்கு என்ன துன்பம் என்னும் பொருள்பட அவன் வினவ, மன்னன் எழுகின்றான். துன்புறுவோரிடம் அக்கேள்வியைக் கேட்க முடிவதே பிறரன்பின் முழுமை என்று இருபதாம் நூற்றாண்டில் சிமோன் வெய்ல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இக்கதையை முன்னிட்டே எழுதினார்.

நம் தமிழ் மரபிலும் இத்தகைய கடமை உண்டு. ஆனால் அதன் வடிவம் வேறு. பகைவர் ஆநிரை கவர்தல் வெட்சி. அதனை மீட்கச் செல்லுதல் கரந்தை. தொறு மீட்கச் சென்று பட்ட வீரருக்கு நட்ட கற்கள் செங்கம் பகுதியில் இன்றும் நிற்கின்றன. மன்னனின் வெற்றியை அன்று, ஊர் மாடுகளைக் காக்கப்போய் இறந்த ஒருவனின் பெயரை அக்கற்கள் சுமக்கின்றன. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வில்லுப்பாட்டு கேட்டோர் முத்துப்பட்டன் கதையை அறிவர். அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளை மீட்கப்போய், மறைந்திருந்த ஒருவனால் கொல்லப்பட்டவன் அவன். ஐரோப்பிய வீரன் பிறருக்காகப் போரிட்டுப் புகழுடன் அடுத்த கோட்டைக்குச் செல்கின்றான். நம் வீரன் பெரும்பாலும் மாடுகளைத் திருப்பிவிட்டு அங்கேயே மாள்கின்றான்.

கடற்கரைக்கு வந்த கதைகளைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். போர்த்துக்கீசியர் காலந்தொட்டுக் கொச்சி முதல் கொல்லம் வரையிலான இலத்தீன் கத்தோலிக்கர் ஆடிவந்த சவிட்டு நாடகத்தின் தலைசிறந்த கதை காறல்மான் சரித்திரம். காறல்மான் வேறு யாருமல்லர், சார்லிமேன் பேரரசரே. ரோலந்து முதலிய அவருடைய பன்னிரு வீரரும் கால் மிதித்து ஆடி வாள்வீசி வருவர். கேரளக் கரையில் ஆடினும் அந்நாடகத்தின் பாட்டு தமிழ் கலந்தது. அதனை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. ஈழத்து மன்னார்க் கரையிலோ என்றீக் எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் என்று பல. கதை கேட்பதற்கு எழுத்தறிவு தேவையில்லாத காலத்தில், வலை உலர்த்தும் மணலில் விடியவிடிய அமர்ந்து நம் முன்னோர் பிரெஞ்சுப் பேரரசரின் வீரர்களைக் கண்டனர்.

எனினும் நம் பெண்கள் நெஞ்சில் நின்றவை போர்க்கதைகள் அல்ல. ஞானசௌந்தரியும் ஜெனோவாவுமே நின்றன. சிற்றன்னையின் சூழ்ச்சியால் காட்டில் கைகள் வெட்டப்பட்ட ஞானசௌந்தரியைப் பிலேந்திரன் என்னும் இளவரசன் கண்டு மணக்கின்றான். கதை அங்கே முடிந்திருந்தால் அது மற்றுமொரு வீரக்கதை. ஆனால் அவன் போருக்குச் சென்றிருக்கும்போது பொய்க்கடிதம் ஒன்றால் அவள் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகின்றாள், இம்முறை குழந்தைகளுடன். இழந்த கைகளை அவளுக்கு மீட்டுத் தருபவர் தேவமாதா. ஜெனோவாவின் நிலையோ இன்னும் கொடிது. கணவன் புனிதப் போருக்குச் சென்ற வேளை, வீட்டுப் பொறுப்பாளன் அவள் கற்பின்மேல் பழி சுமத்துகின்றான். அதனை நம்பிக் கொலைத் தண்டனை விதிப்பவன் அந்தக் குதிரைவீரக் கணவனே. அவளையும் மகனையும் குகையில் காப்பாற்றியது ஒரு பெண்மான். 1948-இல் வெளிவந்த ஞானசௌந்தரி திரைப்படமும், 1953-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ஜெனோவா திரைப்படமும் இக்கதைகளை ஊரூராகக் கொண்டு சென்றன. யாரைக் காக்க யாரை விட்டுச் சென்றாய் என்று அந்தக் குதிரைவீரனைக் கேட்கும் கதைகள் இவை. இவற்றை ஆண்டுதோறும் கேட்டு அழுத நம் பாட்டிமார், வீரக்கதைகளின் ஓட்டையை நன்கு அறிந்தே அழுதனர் என்பது நம் கருத்து.

அந்த ஓட்டையை உலகறியச் செய்தவர் செர்வாந்தேஸ். 1605-இல் வெளிவந்த அவருடைய 'தோன் கிகோத்தே'யை வெறும் நகைச்சுவை நூல் என்போர் அதன் நான்காம் அதிகாரத்தை ஊன்றிப் படிக்கவில்லை. வீரக்கதைகளைப் படித்துப் படித்துத் தானும் ஒரு வீரனென நம்பிய முதியவர் புறப்பட்ட மறுநாளே ஓர் அழுகுரல் கேட்கின்றார். ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவனை மரத்தில் கட்டி வைத்து முதலாளி வாரால் விளாசுகின்றான். ஒன்பது மாதக் கூலியைக் கேட்டதே சிறுவனின் குற்றம். கிகோத்தே ஈட்டியை நீட்டுகின்றார்; முதலாளி நடுங்குகின்றான்; கட்டு அவிழ்கின்றது. வீட்டுக்குச் சென்றதும் கூலியைக் கொடுத்துவிடுவதாக ஆணையிடுகின்றான். சிறுவன் கெஞ்சுகின்றான், இவர் போனதும் என் தோலை உரிப்பான் என்று. வீரனின் ஆணையை எவனும் மீறான் என்று சொல்லிவிட்டு, ஓர் அநீதியைக் களைந்த மகிழ்ச்சியில், அவர் குதிரையைத் தட்டிவிடுகின்றார். குதிரை மறைந்தவுடன் சிறுவன் மீண்டும் அதே மரத்தில். முன்னினும் பன்மடங்கு அடி. பல அதிகாரங்கள் கழித்து அச்சிறுவன் கிகோத்தேயைச் சந்திக்கின்றான். என்னைத் துண்டுதுண்டாக வெட்டுவதைக் கண்டாலும் இனி உதவிக்கு வராதீர் என்னும் கருத்துப்படச் சபித்துவிட்டு ஓடுகின்றான்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர்களில் நடப்பது கண்முன் வருகின்றது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் ஒருவனை, ஊர்ப் பெரியவர்கள் நால்வர் மாலையில் சென்று முற்றத்தில் நிறுத்தி, நாலுபேர் கேட்க வைது, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கித் திரும்புகின்றனர். காப்பி குடித்துவிட்டு, நல்ல காரியம் செய்தோம் என்று உறங்குகின்றனர். நாலுபேர் முன் பட்ட அவமானத்தின் விலை நள்ளிரவில் எவள் முதுகில் வசூலிக்கப்படுகின்றது என்பதை அவர்கள் அறிவதில்லை. மறுநாள் அவள் வாய் திறப்பதில்லை. அதனையே அமைதி திரும்பியதன் அடையாளமாகக் கொள்கின்றனர். தட்டிக்கேட்க வேண்டா என்று நாம் சொல்லவில்லை. கேட்டவர்கள் அன்றிரவும், மறுநாளும், அடுத்த சம்பள நாளிலும் அவ்வீட்டுப் பக்கம் இருந்தாகவேண்டும். அவளும் பிள்ளைகளும் தங்க ஒரு கூரையைப் பார்த்து வைத்த பின்னரே அவனைத் தட்டிக்கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபட்டவள் தான் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வாழ நீதித்துறை நடுவரிடம் ஆணை பெறலாம்; பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். பெண்களுக்கான உதவி எண் 181. சிறுவர்க்கு 1098. நற்கருணை வீரர் சபையின் அறிவிப்புப் பலகையில் இவ்விரண்டு எண்களுக்கும் இடமிருக்கும்.

செர்வாந்தேசுக்கு முன்னரே இப்பாடத்தைத் தம் உடம்பால் கற்றவர் புனித இஞ்ஞாசியார். அமாதிஸ் முதலான வீரக்கதைகளில் ஊறித் திளைத்தவர் அவர். 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்தபோதும் அத்தகைய நூல்களையே கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லாமையால் ஆண்டவரின் வரலாறும் புனிதர் சரிதைகளும் அவர் கைக்கு வந்த செய்தி யாவரும் அறிந்தது. (வீரக்கதைகளைத் தாயாருடன் சேர்ந்து விரும்பிப் படித்ததாகப் புனித அவிலா தெரசாவும் எழுதியுள்ளார். 1622-இல் ஒரே நாளில் பீடத்துக்கு உயர்த்தப்பட்ட இருவரும் அக்காலத்து 'நாவல் பைத்தியங்களே' என்பதை நம் இளைஞர்க்குச் சொல்லி வைக்கலாம்.) 1522 மார்ச் 24 இரவு, மொன்செராத் மலையில், புதிய வீரர்கள் ஆயுத விழிப்பு காக்கும் முறைப்படியே தேவமாதாவின் பீடத்தின்முன் அவர் விடியுமட்டும் நின்றும் முழந்தாளிட்டும் விழித்திருந்தார், வாளையும் குறுவாளையும் அங்கேயே விட்டார். தம் விலையுயர்ந்த ஆடைகளை ஓர் ஏழைக்குக் கழற்றிக் கொடுத்துச் சாக்குத்துணி அணிந்தார். மறுநாள் அவர் சென்றுகொண்டிருக்கையில் ஒருவன் விரைந்து வந்து, அவ்வுடையைக் கொடுத்தது உண்மைதானா என்று கேட்டான். அந்த ஏழை திருடியிருப்பான் என்று எண்ணி அவனைத் துன்புறுத்தியிருந்தனர். இஞ்ஞாசியார் கண்களில் நீர் பெருகிற்று. தாம் செய்த கொடையே அவனுக்குத் தொல்லையாயிற்றே என்னும் கண்ணீர் அது.

இஞ்ஞாசியார் காயமுற்ற அதே போரில், எதிரணியில் நின்றவர்கள் சவேரியாரின் தமையன்மார். நவார் நாட்டுக் கோட்டையொன்றில் 1506-இல் பிறந்து, அக்கோட்டையின் மதில்கள் இடிக்கப்படுவதைச் சிறுவனாகக் கண்டவர் நம் சவேரியார். அவரைப் பற்றி நாஞ்சில் நாட்டில் வழங்கும் ஒரு கதையை இம்மாவட்டத்தில் அறியாத குழந்தை இல்லை. வடுகர் படை திரண்டு வருகின்றது. வேணாட்டு அரசர் கலங்கி நிற்கின்றார். சவேரியார் தன்னந்தனியராய்ச் சிலுவையை உயர்த்திக்கொண்டு படையின் எதிரே நடக்கின்றார். படை திகைத்துத் திரும்பிவிடுகின்றது. கோட்டாற்றுத் திருவிழாவுக்கு வரும் வெளியூர் மக்களும் இதனைக் கேட்டுச் செல்கின்றனர். வீரக்கதையின் இலக்கணம் முழுதும் இதில் உண்டு. மரபு போற்றும் இந்நிகழ்ச்சியை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆயினும், அவர் கைப்பட எழுதிய கடிதங்களில் இது இல்லை. அவற்றில் இருப்பது வேறொன்று. நமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது.

1544 சூன் மாதம். வடுகர் குதிரைப்படை குமரி முனையைச் சூறையாடிற்று. அங்கிருந்த கிறிஸ்தவ மீனவ மக்கள் கடலுக்குள் ஓடிப் பாறைகளில் ஏறி உயிர் தப்பினர். இன்று விவேகானந்தர் மண்டபத்துக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகேறிச் செல்வோர் காணும் பாறைகளைப் போன்ற வெறும் கற்பாறைகள். உண்ண ஒன்றுமில்லை, சுற்றிலும் நீர், குடிக்க ஒரு துளியில்லை. பசியாலும் தாகத்தாலும் மக்கள் மடிகின்றனர் என்னும் செய்தி சவேரியாருக்கு எட்டிற்று. அன்றிரவே மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளுடன் புறப்படுவதாகத் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதினார்.

வீரக்கதையாயின் அடுத்த பக்கத்தில் தோணிகள் பாறையைச் சேர்ந்திருக்கும். சேரவில்லை. ஆனி மாதக் காற்று எத்திசையிலிருந்து வீசும் என்பதை நம் கடற்கரை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. மணப்பாட்டிலிருந்து குமரிக்குச் செல்வதென்றால் தென்மேற்குக் காற்றின் முகத்திலேயே மோதிச் செல்லவேண்டும். துடுப்பு வலித்தும் கயிறு கட்டி இழுத்தும் முனையை அடைய முடியவில்லை என்று மாத இறுதியில் எழுதுகின்றார். இத்தகைய காற்றில் தோணியில் கிடப்பது எத்தகையது என்று உமக்கே தெரியும் என்னும் கருத்தில் மன்சிலாசுக்குப் பின்னொரு முறையும் எழுதினார். எட்டு நாள் கடலில். வெறுங்கையாய்த் திரும்பினார். காற்றுத் தணிந்தால் மீண்டும் போவேன் என்றார். கடல்வழி கூடாமையால் தரைவழியே சென்றார். கண்ட காட்சியை அவர் அலங்கரிக்கவில்லை. உண்ண இல்லாதோர் சிலர். நடக்க இயலா முதியோர் சிலர். இறந்து கிடந்தோர் சிலர். வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். அவர்களை அழைத்துக்கொண்டு மணப்பாட்டுக்கு வந்தார்.

காற்றின் முன் கை சோர்ந்து நின்ற கரை இது ஒன்றன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, நம் மாவட்டத்து மேற்குக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோர் திரும்பவில்லை. தேடும் பணி போதாதென்று கண்டு, கரையிலிருந்த மீனவர்களே தங்கள் விசைப்படகுகளை எடுத்துக்கொண்டு தேடச் சென்றனர். கேட்கும் செவிகளைத் தேடிக் குழித்துறைத் தண்டவாளத்தில் மக்கள் அமர்ந்தது அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள். கடலில் ஆபத்துக்குள்ளானவரைக் காப்பது ஒவ்வொரு கப்பல் தலைவனின் கடமை என்று 1982-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடற்சட்ட உடன்படிக்கை விதிக்கின்றது. பழைய குதிரைவீரனின் விதி இன்று கடலில்தான் சட்டமாக உயிர் வாழ்கின்றது. ஒக்கியில் உறவினரை இழந்த கேரளக் கரையின் மீனவர்கள், ஒன்பது மாதம் கழிந்து 2018 ஆகஸ்டில் அம்மாநிலம் வெள்ளத்தில் மூழ்கியபோது, வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்றனர். கூரைகளில் ஏறி நின்றவரை மீட்டனர். பெண்கள் படகில் ஏற எட்டாமல் தவித்தபோது, ஒரு மீனவர் நீரில் குனிந்து தம் முதுகையே படியாக்கினார். அந்தப் படத்தை நாம் அனைவரும் பார்த்தோம்.

மணப்பாட்டில் நடந்ததை முடித்துவிடுவோம். அகதிகள் நாள்தோறும் வந்தவண்ணமிருந்தனர், உடையில்லை, சோறில்லை. கொம்புத்துறை, புன்னைக்காயல், தூத்துக்குடி பட்டங்கட்டிகளுக்குச் சவேரியார் உதவி கேட்டு எழுதினார். அத்துடன் மன்சிலாசுக்கு ஒரு கண்டிப்பும் சேர்த்தார். ஏழைகளிடமிருந்து எதுவும் வாங்கப்படக் கூடாது. வசதியுள்ள படகு முதலாளிகள் மனமுவந்து கொடுப்பதை மட்டும் பெறவேண்டும். எவரையும் வற்புறுத்தக் கூடாது. பேரிடர் வேளையில், முன்னே பசித்தவர் ஆயிரம் பேர் நிற்க, இந்தக் கணக்கை ஒருவர் மறவாமல் இருந்தார் என்பது நம்மை வியக்க வைக்கின்றது. துயர் துடைக்கும் நிதி என்ற பெயரில், துயரில் இருப்பவனிடமே தலைக்கட்டு வரி பிரிக்கும் வழக்கம் அன்றும் இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் வேறொரு செய்தி வந்தது. இம்முறை துயருற்றவர் தூத்துக்குடியிலிருந்த போர்த்துக்கீசியக் கப்பித்தான். ஏழை மக்களை அவர் நடத்திய முறைகண்டு சவேரியார் மனம் நொந்திருந்தார். அந்தக் கப்பித்தானின் கப்பலும் வீடும் எரிக்கப்பட்டன. அவர் கடலில் இருந்த தீவுகளுக்கு ஓடிவிட்டார். செய்தி கிடைத்தபோது சவேரியார் ஆலந்தலையில் இருந்தார். உடனே மன்சிலாசுக்கு எழுதினார். பழைய கணக்கு ஒன்றையும் அக்கடிதத்தில் எடுக்கவில்லை. புன்னைக்காயல் மக்களை அழைத்துக்கொண்டு, கிடைக்கும் தோணிகளில் எல்லாம் உணவேற்றிக்கொண்டு, இறைவன் பொருட்டு உடனே புறப்படும்படி அதில் கேட்டுக்கொண்டார். குடிதண்ணீரை மறக்கவேண்டா என்றும் எழுதினார்.